சந்தேகம் தயாராகும் விதம்: த்ரில்லர் படங்களின் உத்திகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

இஷா தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால், ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு செல்போன். இன்று பல குடும்பங்களின் இரவு இப்படித்தான் கழிகிறது. பிள்ளைகள் அதில் என்ன பார்க்கிறார்கள் என்று விசாரித்தால் கொலை, மர்மம், துப்பறிதல், பேய் என்று ஒரு பட்டியல் வரும். பார்த்து முடித்த பிள்ளை தனியாக மாடிக்குப் போக அஞ்சுகிறது. விளக்கை அணைக்க விடுவதில்லை. "அது வெறும் படம்தானே" என்று நாம் சொல்லும் ஆறுதல் அந்தப் பிள்ளையிடம் எடுபடுவதும் இல்லை.

சினிமா பார்ப்பதன் மார்க்கச் சட்டம் தனித் தலைப்பு. உலமாக்கள் அதை விரிவாகப் பேசியுள்ளார்கள். இங்கே நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வேறு. இந்த அச்சமும் சந்தேகமும் நம் உள்ளத்தில் எப்படி உண்டாக்கப்படுகின்றன? அதைத் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன்?

ஃபிர்அவ்னின் சூனியக்காரர்களைப் பற்றி அல்லாஹ் குர்ஆனில் கூறும்போது, அவர்கள் மக்களின் கண்களை மயக்கினார்கள் என்கிறான். கயிறுகளும் தடிகளும் ஊர்ந்து ஓடுவது போன்ற தோற்றம் ஏற்பட்டதையும், அதைக் கண்ட மூஸா (அலை) அவர்களின் மனதிலேயே ஓர் அச்சம் தோன்றியதையும் 20-வது அத்தியாயம் எடுத்துச் சொல்கிறது. பொய்த் தோற்றத்தைக் கண்டு ஒரு கணம் அஞ்சுவது மனித இயல்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்தக் கயிற்றைக் கயிறு என்று அறிந்துகொள்வதே நமக்கு முக்கியம்.

திடுக்கிடுவது வேறு, பதறுவது வேறு

த்ரில்லர் படங்களைப் பற்றிப் பேசும் எவரும் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1899-ல் லண்டனில் பிறந்து, பின்னர் ஹாலிவுட்டில் புகழ்பெற்று, 1980-ல் மறைந்த இயக்குநர் அவர். பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ 1962-ல் அவரை நீண்ட பேட்டி எடுத்தார். அதில் ஹிட்ச்காக் கூறிய விளக்கம் இன்றும் திரைப்படக் கல்வியில் முதல் பாடமாக இருக்கிறது.

இருவர் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் ஒரு வெடிகுண்டு. அது இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால், அவர் 15 விநாடி திடுக்கிடுவார். குண்டு வைக்கப்படுவதையும், அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதையும், சுவரில் ஓடும் கடிகாரத்தையும் அவருக்கு முன்பே காட்டிவிட்டால், அதே வெற்றுப் பேச்சை அவர் 15 நிமிடம் பதற்றத்தோடு கேட்பார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நமக்குத் தெரியாததால் மட்டும் பதற்றம் வருவதில்லை. நமக்குத் தெரிந்தும் எதுவும் செய்ய முடியாத நிலையில்தான் அது பெருகுகிறது. "எழுந்து ஓடு" என்று கத்தத் தோன்றும். திரைக்குள் இருப்பவருக்கு அது கேட்காது. வாயிருந்தும் ஊமையாக நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

மர்மப் படம் இதற்கு நேர்மாறு. அங்கே கொலையாளிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ஆக இரண்டு வகையிலும் அடிப்படை ஒன்றே: யாருக்கு எந்தத் தகவலை எப்போது தருவது என்பதை ஒருவர் தம் கையில் வைத்திருக்கிறார். நம் பதற்றத்தின் கடிவாளமும் அவர் கையில் இருக்கிறது.

இந்தக் கடிவாளத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஹிட்ச்காக்கே பட்டுத் தெரிந்துகொண்டார். 1936-ல் வந்த அவருடைய 'சபோட்டேஜ்' படத்தில், ஒரு சிறுவன் தன் கையிலிருக்கும் பொட்டலத்தில் குண்டு இருப்பதை அறியாமல் லண்டன் வீதிகளில் வேடிக்கை பார்த்தபடி போகிறான். நீண்ட நேரம் பார்வையாளரைத் தவிக்க வைத்துவிட்டு, கடைசியில் பேருந்தில் குண்டு வெடித்துச் சிறுவன் இறந்துவிடுகிறான். மக்கள் கோபமடைந்தார்கள். அப்படி முடித்தது தவறு என்று பின்னாளில் அவரே சொன்னார்.

ஒரு டம்ளர் பால்

1941-ல் ஹிட்ச்காக் எடுத்த ஒரு படத்தின் பெயரே 'சஸ்பிஷன்', அதாவது சந்தேகம். கணவன் தன்னைக் கொன்றுவிடுவானோ என்று மனைவிக்குச் சந்தேகம். அவன் கடன்காரன், பொய் சொல்பவன் என்பதை அவள் ஒவ்வொன்றாக அறிந்துகொள்கிறாள். ஓர் இரவு, உடல்நலமின்றிப் படுத்திருக்கும் அவளுக்குக் கணவன் ஒரு டம்ளர் பால் கொண்டுவருகிறான்.

காட்சி அவ்வளவுதான். நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது. ஆனால் இயக்குநர் மாடிப்படியை இருட்டாக்கினார். ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் சிலந்தி வலை போல விழும்படி செய்தார். கணவனின் முகத்தை நிழலில் வைத்தார். பால் டம்ளருக்குள் ஒரு சிறு மின்விளக்கை மறைத்து வைத்து, இருட்டில் அந்தப் பால் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒளிரும்படி படமெடுத்தார். பார்ப்பவர் கண் டம்ளரை விட்டு நகராது. 'அதில் விஷம் இருக்கிறது' என்று வசனம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நம் மனமே சொல்லிக்கொள்கிறது.

படத்தின் முடிவில் அந்தச் சந்தேகம் பொய்யாகிறது. கணவன் குறைகள் உள்ளவன்தான், ஆனால் கொலைகாரன் இல்லை. படம் முழுக்க நாம் மனைவியின் கண் வழியாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சந்தேகப்பட்டாள், நாமும் சந்தேகப்பட்டோம்.

பால் கடைசிவரை வெறும் பால்தான். நம் பார்வையை மாற்றியது அதன்மீது போடப்பட்ட விளக்கு. த்ரில்லர் கலையின் சாரமே இதுதான்.

வெட்டி ஒட்டுவதில் பிறக்கும் பொருள்

சுமார் 1920-ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் எந்த உணர்ச்சியும் இல்லாத முகத்தை எடுத்துக்கொண்டார். அந்த முகத்துக்கு அடுத்து ஒரு கிண்ணம் சூப்பை வைத்தார். அடுத்து சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு குழந்தையை வைத்தார். பிறகு ஓர் இளம் பெண்ணை வைத்தார். பார்த்தவர்கள் நடிகரின் பசியையும், துயரத்தையும், ஆசையையும் கண்டதாகச் சொல்லி நடிப்பைப் பாராட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. முகமோ மூன்று இடத்திலும் ஒன்றுதான். பக்கத்தில் ஒட்டப்பட்ட காட்சிதான் அந்த முகத்துக்குப் பொருள் கொடுத்தது. இதை 'குலெஷோவ் விளைவு' என்கிறார்கள்.

இந்த வெட்டி ஒட்டும் வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1960-ல் வந்த 'சைக்கோ' எடுத்துக்காட்டு. அதில் வரும் கொலைக் காட்சி ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் அதைப் படமாக்க ஒரு வாரம் பிடித்தது. எழுபதுக்கும் மேற்பட்ட கேமரா கோணங்கள். கத்தி உடலில் இறங்குவதை ஏறக்குறைய காட்டவே இல்லை. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு போதுமாக இருந்தது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின் போன்ற தந்திக் கருவிகளை மட்டும் வைத்துக் கீறிச்சிடும் ஒலியை உண்டாக்கிக் காட்டியதும் மனதை மாற்றிக்கொண்டார். காணாத கத்திக்குத்தைக் கண்டதாக மக்கள் நம்பியதில் அந்த ஒலிக்குப் பெரும் பங்கு உண்டு.

மறைத்துக் காட்டுவதும் ஒலியும்

1975-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஜாஸ்' படத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் உப்புநீரில் அடிக்கடி பழுதாகிவிட்டது. வேறு வழியின்றிச் சுறாவைக் காட்டாமலேயே பல காட்சிகளை எடுத்தார்கள். நீரின் மேற்பரப்பையும், மிதக்கும் பீப்பாய்களையும், ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரண்டே ஸ்வரங்களையும் வைத்து ஒப்பேற்றினார்கள். படம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகே சுறா தெளிவாகக் கண்ணில் படுகிறது. காட்டியிருந்தால் அது ரப்பர் பொம்மை. காட்டாததால் அது ஒவ்வொருவரின் கற்பனையிலும் வேறு வேறு அளவில் வளர்ந்தது.

அந்தப் படத்தில் இரண்டு சிறுவர்கள் போலியாக ஒரு சுறாத் துடுப்பைச் செய்து கடலில் மக்களைப் பயமுறுத்தும் காட்சி உண்டு. அங்கே அந்த இரண்டு ஸ்வரங்கள் ஒலிப்பதில்லை. கண் ஏமாறலாம், காது உண்மை சொல்லும் என்று படம் நம்மைப் பழக்குகிறது. இசை வந்தால் ஆபத்து என்று நம் உடலே கற்றுக்கொள்கிறது. இப்படி நம்பத் தொடங்கிய காதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம்.

1931-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தில், குழந்தைகளைக் கொல்பவன் ஒரு மெட்டை விசிலடிப்பான். அவனைக் காட்ட வேண்டியதில்லை. விசில் கேட்டாலே நெஞ்சு பதறும். அதே படத்தில் இன்னொரு காட்சி நம் காலத்துக்காகவே எடுக்கப்பட்டதுபோல் இருக்கிறது. தெருவில் ஒரு சிறுமி மணி கேட்கிறாள். முதியவர் ஒருவர் பதில் சொல்கிறார். அவ்வளவுதான், 'குழந்தையிடம் உனக்கென்ன பேச்சு' என்று ஒருவன் மிரட்டுகிறான், கூட்டம் கூடிவிடுகிறது. அந்த முதியவர் குற்றமற்றவர். ஊரே சந்தேகத்தில் மூழ்கிவிட்டால் மணி சொல்வதும் குற்றமாகிவிடுகிறது.

திரையிலிருந்து தெருவுக்கு

இந்த உத்திகள் திரையரங்கோடு நின்றுவிட்டால் நாம் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை.

முதலாவது, நம்மைக் காட்டும் விதம். தாடியும் தொப்பியும் அணிந்த ஒருவரின் முகம், அடுத்து ஒரு நெரிசலான கடைத்தெரு, அதன்மேல் தாழ்ந்த ஸ்தாயியில் ஓர் இசை. இந்த மூன்றையும் ஒட்டினால் குலெஷோவின் சோதனை மீண்டும் நடக்கிறது. அவர் தொழுகைக்குப் போகிறவராக இருக்கலாம். பார்ப்பவர் மனம் அவர் கைப்பையைத் தேடுகிறது. பாங்கோசையும் குர்ஆன் ஓதலும் ஆபத்தின் முன்னறிவிப்பாகப் பல படங்களில் பயன்படுத்தப்பட்டுவிட்டன. 2013-ல் 'விஸ்வரூபம்' படத்துக்குத் தமிழகத்தில் முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததும், அரசு தற்காலிகத் தடை விதித்ததும், சில இடங்களில் ஒலியை நீக்குவது என்ற உடன்பாட்டுக்குப் பிறகு பிப்ரவரி 7 அன்று படம் வெளியானதும் நமக்கு நினைவிருக்கும். அந்தப் பிணக்கு வெறும் கதையைப் பற்றியது மட்டுமல்ல. எந்தக் காட்சியோடு எந்த ஒலியைச் சேர்ப்பது என்பதும் அதில் பேசப்பட்டது. உத்தியைப் புரிந்துகொண்டவர் தம் ஆட்சேபணையைக் கோபமின்றித் தெளிவாக எடுத்துவைக்க முடியும். பக்கத்து வீட்டுச் சகோதரருக்கும் அது எளிதில் விளங்கும்.

இரண்டாவது, நாமே ஏமாறும் விதம். கராச்சியில் குழந்தைக் கடத்தல் குறித்த விழிப்புணர்வுக்காக ஒரு குறும்படம் எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். பிறகு திரும்பிவந்து குழந்தையை இறக்கிவிட்டு, கடத்துவது எவ்வளவு எளிது என்ற எச்சரிக்கையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். தூக்கிச் செல்வது மட்டும் மிஞ்சியது. 2018-ல் அது உண்மையான கடத்தல் என்ற பெயரில் இந்தியாவெங்கும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஹிட்ச்காக் ஒரு வாரம் உழைத்துச் செய்த வேலையை ஒருவர் ஒரு விரல் அசைவில் செய்துமுடித்தார்.

அந்த ஆண்டில் குழந்தைக் கடத்தல் வதந்தியால் நாட்டின் பல பகுதிகளில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த சென்னையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கடத்தல்காரர் என்று சந்தேகித்த கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. மிட்டாய் கொடுப்பது ஒரு பாட்டியின் இயல்பான அன்பு. வதந்தி என்ற விளக்கை அதன்மீது போட்டதும், அந்தப் பால் டம்ளரைப் போல, அது விஷமாகத் தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது.

மூன்றாவதாக நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கப்ரு வேதனை, ஜின்கள், மறுமையின் அடையாளங்கள் என்ற தலைப்புகளில் யூடியூபில் வரும் சில வீடியோக்கள் திகில் பட இசையோடும், பாதி மறைத்த முகப்புப் படங்களோடும் வருகின்றன. மறுமை அச்சம் ஈமானின் பகுதி. ஆனால் அது வசனங்களைச் சிந்திப்பதால் வர வேண்டும். இசையால் வரும் நடுக்கம் இசை நின்றதும் போய்விடும். அதை இறையச்சம் என்று பிள்ளைகள் எண்ணிவிட்டால் நஷ்டம் நமக்கே.

நபியவர்கள் காட்டிய வழி

இனி ஒரு நிகழ்வை எண்ணிப் பாருங்கள். இரவு நேரம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நடந்து செல்கிறார்கள். எதிரே வரும் இருவர் அவர்களைக் கண்டதும் நடையை வேகப்படுத்துகிறார்கள். ஒரு த்ரில்லர் இயக்குநரிடம் கொடுத்தால் இதை வைத்தே ஒரு படம் எடுத்துவிடுவார்.

இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நிகழ்வு. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, அவர்களின் மனைவி ஸஃபிய்யா (ரலி) அவர்கள் இரவில் சந்திக்க வந்தார்கள். திரும்பும்போது நபியவர்கள் வழியனுப்ப உடன் நடந்தார்கள். அவ்வழியே வந்த அன்ஸாரித் தோழர்கள் இருவர் விரைந்து போக முயன்றார்கள். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, அவசரப்பட வேண்டாம், இவர் என் மனைவி ஸஃபிய்யா என்று தெரிவித்தார்கள். தோழர்கள் பதறிப்போய், தங்களையா நாங்கள் சந்தேகிப்போம் என்ற கருத்தில் பேசினார்கள். ஷைத்தான் மனிதனின் இரத்தம் ஓடும் இடமெல்லாம் ஓடுகிறான், உங்கள் உள்ளத்தில் அவன் தீய எண்ணத்தைப் போட்டுவிடுவான் என்று அஞ்சினேன் என நபியவர்கள் விளக்கினார்கள்.

த்ரில்லர் இயக்குநர் தகவலைப் பிடித்து வைக்கிறார். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களோ, யாரும் கேட்பதற்கு முன்பே தகவலைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். சந்தேகம் முளைப்பதற்கு ஒரு நிமிடம்கூட இடம் தரவில்லை.

ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரப்பப்பட்ட நிகழ்விலோ மதீனா ஒரு மாத காலம் தவித்தது. அவர்கள் படையின் பின்னே தனித்து விடப்பட்டதும், ஸஃப்வான் (ரலி) அவர்கள் பிடித்து நடத்திவந்த ஒட்டகத்தில் வந்து சேர்ந்ததும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளை ஒட்டி நயவஞ்சகர்கள் ஒரு பொய்யை உண்டாக்கினார்கள். 24-வது அத்தியாயத்தில் அல்லாஹ் கேட்கும் கேள்வி, இதைச் செவியுற்றபோதே நல்லெண்ணம் கொண்டு, இது வெளிப்படையான அவதூறு என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டாமா என்ற பொருளில் அமைந்திருக்கிறது. அபூ அய்யூப் (ரலி) அவர்கள் தம் மனைவியிடம், நீ அப்படிச் செய்வாயா என்று கேட்டதையும், அவர் மாட்டேன் என்றதும், ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவர் அல்லவா என்று பேச்சை முடித்ததையும் தஃப்ஸீர் நூல்கள் குறிப்பிடுகின்றன. சந்தேகத்தை முறிக்க இவ்வளவு எளிய ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

49-வது அத்தியாயத்தின் 6-வது வசனம் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. 12-வது வசனம் அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்கச் சொல்லி, துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

ஒன்று, பயந்த பிள்ளையைக் கேலி செய்ய வேண்டாம். மூஸா (அலை) அவர்களின் நிகழ்வைச் சொல்லிக் கொடுங்கள். பயந்த காட்சியை, பகலில், உங்கள் பக்கத்தில் அமர்த்தி, ஒலியை முழுதாக நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். கதவு வெறும் கதவாகத் தெரியும். பயத்தில் பாதி ஒலியில்தான் இருந்தது என்பது பிள்ளைக்கே புரியும்.

இரண்டு, மூன்று கேள்விகளைப் பழக்குங்கள். இதை எனக்குக் காட்டுவது யார்? இதற்கு முன்னும் பின்னும் என்ன வெட்டப்பட்டது? இந்த இசை இல்லாவிட்டால் எனக்கு இது எப்படித் தெரியும்? படத்துக்கு மட்டுமல்ல, செய்தி வீடியோவுக்கும் ஃபார்வர்டு வீடியோவுக்கும் இதே கேள்விகள்தான்.

மூன்று, பயமுறுத்தும் விளையாட்டை வீட்டில் அனுமதிக்க வேண்டாம். பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தோழரின் கயிற்றை மற்றவர்கள் எடுக்க, அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அபூதாவூதில் இது இடம்பெற்றிருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஒளிந்து தங்கையை அலறவிட்டு அதை வீடியோ எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஹதீஸைச் சொல்ல வேண்டும்.

நான்கு, படுக்கைக்குப் போகும் முன் கடைசியாகக் காதில் விழுவது எது என்பதில் கவனம் வையுங்கள். ஆயத்துல் குர்ஸியும் கடைசி மூன்று சூராக்களும் ஓதிப் படுப்பது நபிவழி. பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து ஓதினால், அந்தக் குரலே பிள்ளைக்குத் துணையாக இருக்கும்.

ஐந்து, கணவன் மனைவிக்குள், மாமியார் மருமகளுக்குள் தகவலை மறைத்து வைத்துச் சந்தேகத்தை வளர விடாதீர்கள். தாமதமாக வந்தால் காரணத்தைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் நிகழ்வு நமக்குத் தரும் பாடம் அதுதான். பால் கொண்டுவருபவரின் முகம் வெளிச்சத்தில் இருக்கட்டும்.

பொய்த் தோற்றங்களை அறிந்துகொள்ளும் தெளிவையும், பிறர்மீது நல்லெண்ணம் கொள்ளும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் வழங்கி அருள்புரிவானாக. ஆமீன்.